நியூயார்க் மெட்ரோபொலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கில் 'மெட்' என்றாலே எல்லாருக்கும் தெரியும். ஆனால் மெட் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும் சப்வே எதுவும் கிடையாது. கிழக்கே மூன்று அவென்யூ தள்ளி ஒரு ரயில் தடம், மேற்கே ஒரு முழுப் பூங்காவைத் தாண்டி இன்னொரு தடம். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், மிச்சமெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

அருங்காட்சியகம் சரியாக எங்கே இருக்கிறது?

மன்ஹாட்டனின் மேல்கிழக்குப் பகுதியில், ஃபிப்த் அவென்யூவும் 82-வது தெருவும் சந்திக்கும் இடத்தில். 1870-ல் தொடங்கப்பட்ட நிறுவனம், 1880-லிருந்து இதே இடத்தில் இயங்குகிறது. முகப்பு கிழக்கே ஃபிப்த் அவென்யூவைப் பார்த்திருக்கும். முதுகுப்புறம் முழுவதும் சென்ட்ரல் பார்க். வாசல்கள் எல்லாம் ஃபிப்த் அவென்யூ பக்கம்தான், பூங்காப் பக்கம் பார்வையாளர் நுழைவு கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

திறந்திருக்கும் நேரம்?

ஞாயிறு, திங்கள், செவ்வாய், வியாழன்: காலை 10 முதல் மாலை 5 வரை. வெள்ளி, சனி: காலை 10 முதல் இரவு 9 வரை. புதன்கிழமை விடுமுறை. நன்றி நவிலல் நாள், டிசம்பர் 25, ஜனவரி 1, மே மாத முதல் திங்கள் ஆகிய நாள்களிலும் பூட்டியிருக்கும். கடைசியாகச் சொன்னது, பிரபலங்கள் கூடும் நிதிதிரட்டு விழாவான 'மெட் காலா' நடக்கும் நாள். அன்று வாசலில் கூட்டம் அலைமோதும், ஆனால் உள்ளே விடமாட்டார்கள்.

எந்த சப்வே ஸ்டேஷனில் இறங்க வேண்டும்?

லெக்சிங்டன் அவென்யூவுக்கு அடியில் ஓடும் 4, 5, 6 ரயில்களின் 86-வது தெரு ஸ்டேஷனில். யோசிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பதிலோடு கிளம்பிவிடலாம். அங்கிருந்து மூன்று அவென்யூ மேற்கே, நான்கு தெரு தெற்கே. ஏறத்தாழ 800 மீட்டர், சாதாரண நடையில் 10 முதல் 12 நிமிடம்.

4, 5, 6 மூன்றும் ஒன்றுதானா?

86-வது தெருவைப் பொறுத்தவரை ஆம், மூன்றும் அங்கே நிற்கும். வேறுபாடு நடுவில் இருக்கிறது. 4-ம் 5-ம் எக்ஸ்பிரஸ். கிராண்ட் சென்ட்ரலை விட்டால் 59, அடுத்து 86, அவ்வளவுதான். 6 லோக்கல், அதே தூரத்துக்கு 51, 59, 68, 77 என்று எல்லா இடத்திலும் நின்று வரும். கிராண்ட் சென்ட்ரலில் 6 முதலில் வந்தால் அதிலேயே ஏறுங்கள், சில நிமிடம்தான் கூடும். எக்ஸ்பிரஸுக்காகக் காத்திருந்து அந்த நேரத்தைத் தொலைப்பவர்கள்தான் அதிகம்.

86-வது தெரு ஸ்டேஷனில் லோக்கல் பிளாட்பாரம் மேலே, எக்ஸ்பிரஸ் பிளாட்பாரம் அதற்குக் கீழே. 4 அல்லது 5-ல் வந்து இறங்கினால் படிக்கட்டு கூடுதலாக ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 6 மேல்.

77-வது தெரு ஸ்டேஷனிலும் இறங்கலாம், அங்கே 6 மட்டும்தான் நிற்கும். அருங்காட்சியகத்தின் 81-வது தெரு வாசலுக்கு அதுவும் ஏறக்குறைய அதே தூரம்தான். கூட்டம் குறைவு.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் திசை குழம்புகிறது. மேற்கு எது?

லெக்சிங்டன் அவென்யூ ஒருவழிப் பாதை. வண்டிகள் தெற்கு நோக்கி மட்டுமே போகும். வண்டிகள் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள், உங்கள் வலக்கைப் பக்கம் மேற்கு. செகண்ட் அவென்யூவிலும் இதே கணக்குச் செல்லும்.

இன்னொரு வழி, கட்டட எண்கள். கிழக்குப் பகுதித் தெருக்களில் எண் ஃபிப்த் அவென்யூவிலிருந்துதான் தொடங்குகிறது. நடக்க நடக்க எண் குறைந்தால் சரியான திசை, கூடினால் திரும்பிவிடுங்கள். மொபைலின் நீலப்புள்ளி உயரமான கட்டடங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் அங்குமிங்கும் தாவும். எண் தாவாது.

86-வது தெரு கடைகளும் கூட்டமுமாக இருக்கும். பார்க் அவென்யூ வந்ததும் தெற்கே இறங்கி 82-வது தெருவுக்குள் திரும்பினால், அருங்காட்சியகத்தின் பெரிய படிக்கட்டு தெரு முடிவில் நேராகத் தெரியும். தூரத்தில் வித்தியாசமில்லை, வழி அழகு.

கியூ ரயிலும் 86-வது தெருவில் நிற்கிறதே?

நிற்கிறது, ஆனால் அது வேறு ஸ்டேஷன். 2017 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட செகண்ட் அவென்யூ தடம் அது. இரண்டுக்கும் இடையே சுரங்கத் தொடர்பு கிடையாது. டைம்ஸ் ஸ்கொயரிலிருந்தும் புரூக்ளினின் கியூ தடத்திலிருந்தும் வருபவர்களுக்கு மாறவே தேவையில்லாத நேர் வண்டி என்பது இதன் பலம். செகண்டிலிருந்து ஃபிப்த் வரை ஐந்து அவென்யூ நடக்க வேண்டும் என்பது பலவீனம்.

இந்த ஸ்டேஷனின் தெற்கு வாசல் 83-வது தெருவில் வெளிவருகிறது. ரயிலை விட்டு இறங்கியதும் 83-வது தெரு என்று போட்டிருக்கும் பலகையைப் பின்பற்றுங்கள். மூன்று பிளாக் (ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரையுள்ள தூரம் ஒரு பிளாக்) நடை மிச்சமாகும். அதே தெருவில் நேரே மேற்கே நடந்தால் 12 முதல் 15 நிமிடத்தில் அருங்காட்சியகம். லிஃப்ட் வேண்டுபவர்கள் மட்டும் 86-வது தெரு வாசலுக்குப் போக வேண்டும்.

பெரிய ரயில் நிலையங்களிலிருந்து எப்படி?

கிராண்ட் சென்ட்ரல்: கீழே இறங்கி 4, 5, 6-ல் 'அப்டவுன்', அதாவது வடக்கு நோக்கிப் போகும் பிளாட்பாரம். இவ்வளவுதான்.

பென் ஸ்டேஷன்: எய்த் அவென்யூப் பக்கமுள்ள 34-வது தெரு ஸ்டேஷனில் ஈ ரயில், குயின்ஸ் போகும் திசையில். லெக்சிங்டன் அவென்யூ-53-வது தெருவில் இறங்கி, வெளியே வராமலே 6-க்கு மாறலாம். படிக்கட்டுப் பிடிக்காதவர்கள் எம்4 பஸ்ஸைப் பிடித்து மேடிசன் அவென்யூ-83-வது தெருவில் இறங்கலாம். போக்குவரத்து நெரிசலில் ரயிலைவிட நன்றாகவே தாமதமாகும், ஆனால் ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

வடக்கே வெஸ்ட்செஸ்டர், கனெக்டிகட் பக்கமிருந்து மெட்ரோ-நார்த் ரயிலில் வருபவர்கள் கிராண்ட் சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வருகிறார்கள். வேண்டாம். ஹார்லெம்-125-வது தெருவில் இறங்குங்கள். ஒரு பிளாக் கிழக்கே லெக்சிங்டனில் சப்வே இருக்கிறது, 'டவுன்டவுன்', அதாவது தெற்கே போகும் 4 அல்லது 5-ல் அடுத்த நிறுத்தமே 86.

லாங் ஐலண்ட் ரயிலில் வருபவர்கள் 2023-ல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் மேடிசனுக்கு வரும் வண்டியாகப் பார்த்து ஏறினால் பென் ஸ்டேஷன் அலைச்சல் இல்லை. அந்த நிலையம் மிக ஆழத்தில் இருக்கிறது. பிளாட்பாரத்திலிருந்து சப்வே வாசலுக்கு வரவே 10 நிமிடத்துக்கு மேல் ஒதுக்குங்கள்.

ஸ்டேட்டன் ஐலண்ட் படகில் வருபவர்கள்: படகு இலவசம். இறங்கிச் சற்று நடந்தால் பௌலிங் கிரீன் ஸ்டேஷன், அங்கிருந்து 4 அல்லது 5.

'81-வது தெரு – மியூசியம்' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அதுதானே பக்கம்?

பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. அந்த ஸ்டேஷன் பெயரில் உள்ள மியூசியம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். டைனோசர் எலும்புக்கூடு பார்க்கப் போகிறவர்களுக்கு அது. அது சென்ட்ரல் பார்க்கின் மேற்கு ஓரம், மெட் இருப்பது கிழக்கு ஓரம்.

இதே மாதிரி இன்னும் இரண்டு குழப்பம் உண்டு. 'மெட் ஓபரா' என்பது லிங்கன் சென்டரில் இருக்கும் இசைநாடக அரங்கம், கலைக்கூடத்தோடு தொடர்பில்லை. 'மெட் க்ளாய்ஸ்டர்ஸ்' என்பது இதே அருங்காட்சியகத்தின் இடைக்காலக் கலைப் பிரிவு, ஆனால் தீவின் வடகோடியில் இருக்கிறது. டாக்ஸியில் வெறுமனே 'மெட்' என்று சொல்லாதீர்கள். 'ஃபிப்த் அவென்யூ, 82-வது தெரு' என்று சொல்லுங்கள்.

மேற்குப் பகுதியில் தங்கியிருக்கிறேன். பூங்காவை எப்படித் தாண்டுவது?

குறுக்கே போகும் பஸ்ஸில். இரண்டு இருக்கின்றன.

1-ம் எண் ரயில் பக்கம் இருந்தால், 86-வது தெருவில் கிழக்கு நோக்கிப் போகும் எம்86. அது பூங்காவுக்குள் பள்ளமாக வெட்டிய சாலையில் போய் 84-வது தெருவையொட்டி ஃபிப்த் அவென்யூவில் வெளியே வரும். அங்கிருந்து இரண்டு பிளாக்தான்.

சி ரயில் பக்கம் இருந்தால், மேலே சொன்ன அதே 81-வது தெரு ஸ்டேஷனில் இறங்கி, வாசலில் எம்79. ஃபிப்த் அவென்யூவில் 79-வது தெருவில் இறங்கி வடக்கே மூன்று பிளாக். சி ரயிலில் ஒரு பொறி உண்டு. அதே தடத்தில் ஓடும் ஏ, டி ரயில்கள் 59-வது தெருவை விட்டால் 125-க்குத்தான் போய் நிற்கும். தவறி ஏறிவிட்டால் ஹார்லெம் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பி ரயில் 81-ல் நிற்கும், ஆனால் வாரநாள்களில் மட்டும். நள்ளிரவில் இந்தக் கணக்கெல்லாம் மாறும், அந்த நேரத்தில் அருங்காட்சியகம் திறந்திருப்பதில்லை என்பதால் கவலை வேண்டாம்.

இந்த இரண்டு பஸ்களும் 'செலக்ட்' வகை. எல்லாக் கதவிலும் ஏறலாம், ஏறும்போது கதவருகே உள்ள கருவியில் அட்டையைத் தட்ட வேண்டும். பின்கதவு வழியாக ஏறித் தட்டாமல் உட்கார்ந்துவிட்டால், சோதனைக்காரர் வந்தால் அபராதம்.

பஸ்ஸை விட்டுவிட்டுப் பூங்கா வழியாகவே நடந்தால்?

நல்ல யோசனை, பகலில். பூங்காவின் அகலம் சுமார் 800 மீட்டர். ஆனால் பாதை வளைந்து வளைந்து போகும், 81-வது தெருவிலிருந்து 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பெல்வெடேர் கோட்டையையும் பெரிய புல்வெளியையும் தாண்டி, 1881-ல் நிறுத்தப்பட்ட எகிப்தியத் தூபி தெரிந்தால் அருங்காட்சியகத்தின் பின்சுவருக்கு வந்துவிட்டீர்கள்.

இங்கேதான் பலர் சுற்றுகிறார்கள். கண்ணாடிச் சுவர் கண்முன்னே தெரியும், உள்ளே சிலைகள் தெரியும், கதவு மட்டும் இருக்காது. கட்டடத்தின் வடக்கு அல்லது தெற்கு ஓரமாகச் சுற்றி ஃபிப்த் அவென்யூவுக்கு வந்தே ஆக வேண்டும். கட்டடம் நான்கு பிளாக் நீளம், தவறான பக்கம் திரும்பினால் நடை கூடும். தூபியிடமிருந்து தெற்கு ஓரமாகப் போவது சுலபம், 79-வது தெருப் பக்கம் வெளியே வந்து வடக்கே திரும்புங்கள்.

வழி தவறினால் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். கம்பத்தில் ஒரு சிறு எண் தகடு இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அருகிலுள்ள தெருவின் எண். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் பூங்காவின் கிழக்குப் பகுதி, ஒற்றைப்படை என்றால் மேற்குப் பகுதி. 82-ல் தொடங்கி இரட்டைப்படையில் முடியும் கம்பம் உங்களுக்கு வேண்டியது.

பஸ்ஸும் காரும் போகும் பள்ளச் சாலையில் மட்டும் நடக்க முயலாதீர்கள். நடைபாதை என்று சொல்லத்தக்க இடம் அதில் இல்லை.

எம்1, எம்2, எம்3, எம்4 பஸ்கள் எங்கே நிற்கும்?

இதற்கான பதில் நீங்கள் எந்தத் திசையிலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபிப்த் அவென்யூ தெற்கு நோக்கிய ஒருவழி, மேடிசன் அவென்யூ வடக்கு நோக்கிய ஒருவழி. ஆகவே தெற்கிலிருந்து, அதாவது மிட்டவுனிலிருந்து வரும்போது மேடிசனில்தான் ஏற வேண்டும். 83-வது தெருவில் இறங்கி ஒரே ஒரு பிளாக் மேற்கே நடக்க வேண்டும். வடக்கிலிருந்து வந்தால் ஃபிப்த் அவென்யூவில் 82-வது தெருவிலேயே இறக்கிவிடும்.

மிட்டவுனில் ஃபிப்த் அவென்யூ நிறுத்தத்தில் நின்று, 'எம்4 வந்தது, ஏறினேன், எதிர்த்திசையில் போகிறது' என்பது அன்றாடம் நடக்கும் கூத்து. 'லிமிடெட்' என்று பலகை போட்ட வண்டி எல்லா நிறுத்தத்திலும் நிற்காது. ஏறும்போது ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டணம் எவ்வளவு? எப்படிக் கொடுப்பது?

2026 ஜனவரியிலிருந்து சப்வே, சாதாரண பஸ் இரண்டுக்கும் ஒரு பயணம் 3 டாலர். தூரக் கணக்கு இல்லை. 'ஓம்னி' கருவியில் காண்டாக்ட்லெஸ் வங்கி அட்டை, மொபைல், அல்லது ஸ்டேஷன் இயந்திரத்தில் வாங்கும் ஓம்னி அட்டை எதையும் தட்டலாம். பழைய மெட்ரோகார்டு விற்பனை 2025 முடிவோடு நின்றுவிட்டது. பஸ்ஸில் டாலர் நோட்டு வாங்கமாட்டார்கள்.

சப்வேயிலிருந்து பஸ்ஸுக்கு, அல்லது பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் மாறினால் இரண்டாவது பயணம் இலவசம். ஆகவே 1-ம் ரயிலில் வந்து எம்86 ஏறினாலும் மொத்தம் 3 டாலர்தான். இதில் தவறுவது ஓரிடத்தில்தான்: ஸ்டேஷனில் பிளாஸ்டிக் அட்டையைத் தட்டிவிட்டு, பஸ்ஸில் அதே அட்டை ஏற்றிய மொபைலைத் தட்டுவார்கள். இயந்திரத்துக்கு அது வேறு ஆள். இரண்டாம் முறையும் பணம் போகும். தொடங்கியதிலேயே முடியுங்கள். குடும்பமாக வந்தால் ஆளுக்கொரு அட்டை. ஒரே அட்டையை நான்கு பேருக்கும் தட்டினால் இலவச மாற்றம் நால்வருக்கும் கிடைக்காது.

ஒரே அட்டையில் 7 நாளுக்குள் 35 டாலர் ஆகிவிட்டால் அந்த 7 நாளின் மிச்சப் பயணம் இலவசம். 44 அங்குல உயரம் வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லை, பெரியவர் ஒருவருக்கு மூன்று குழந்தை வரை.

இந்திய வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் 'வெளிநாட்டுப் பயன்பாடு', 'காண்டாக்ட்லெஸ்' இரண்டையும் திறந்து வையுங்கள். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் பின்னால் வரிசை நிற்க அட்டையைத் தட்டிக்கொண்டே இருப்பது வழக்கமான காட்சி.

விமான நிலையத்திலிருந்து நேராக வரலாமா?

வரலாம், பெட்டி இல்லாவிட்டால். பெட்டியோடு உள்ளே விடமாட்டார்கள், கைப்பெட்டியாக இருந்தாலும். பொருள் வைக்கும் அறையிலும் அதை வாங்கிக்கொள்வதில்லை. முதலில் தங்குமிடத்திலோ, பெட்டி பாதுகாக்கும் கடையிலோ வைத்துவிட்டு வாருங்கள்.

ஜே.எஃப்.கே.: விமான நிலைய ரயிலான ஏர்டிரெயினில் ஜமைக்கா ஸ்டேஷன், அங்கிருந்து ஈ ரயிலில் லெக்சிங்டன் அவென்யூ-53-வது தெரு, அங்கே 6-க்கு மாறி 77 அல்லது 86. மொத்தம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்டிரெயின் கட்டணம் தனி, ஜமைக்காவில் வெளியேறும் வாயிலில் கொடுக்க வேண்டும். இலவச மாற்றத்தில் அது சேராது. ஈ-க்குப் பதில் ஜமைக்காவிலிருந்து லாங் ஐலண்ட் ரயிலில் கிராண்ட் சென்ட்ரல் மேடிசன் வந்தால் வேகம் அதிகம், காசும் அதிகம். ரயிலில் ஏறும் முன்பே சீட்டு வாங்கிவிடுங்கள்.

லகார்டியா: எம்60 பஸ்ஸில் 125-வது தெரு-லெக்சிங்டன், அங்கிருந்து டவுன்டவுன் 4 அல்லது 5-ல் ஒரே நிறுத்தம். பாலத்தில் நெரிசல் என்று தெரிந்தால், இலவசமாக ஓடும் கியூ70 பஸ்ஸில் ஜாக்சன் ஹைட்ஸ் போய் ஈ ரயில், பிறகு 6.

நியூவார்க்: விமான நிலைய ரயிலில் நியூவார்க் லிபர்ட்டி ஸ்டேஷன், அங்கிருந்து நியூ ஜெர்சி டிரான்சிட் ரயிலில் பென் ஸ்டேஷன். நியூவார்க்கிலும் ஒரு பென் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கிவிடாதீர்கள், நியூயார்க் பென் ஸ்டேஷன் வரை வர வேண்டும்.

டாக்ஸி எடுத்தால் எவ்வளவு ஆகும்?

மஞ்சள் டாக்ஸியில் ஏறியதும் மீட்டர் 3 டாலர். பிறகு ஒவ்வொரு ஐந்தில் ஒரு மைலுக்கும், அல்லது வண்டி ஊர்ந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 70 சென்ட். மன்ஹாட்டனில் 96-வது தெருவுக்குத் தெற்கே தொட்ட எந்தப் பயணத்துக்கும் நெரிசல் கூடுதல் கட்டணம் 2.50, பயணம் 60-வது தெருவுக்குத் தெற்கிலும் பட்டால் இன்னும் 75 சென்ட். வாரநாள் மாலை 4 முதல் 8 வரை தனிக் கூடுதல் உண்டு. ஜே.எஃப்.கே.யிலிருந்து மன்ஹாட்டனுக்கு மட்டும் மீட்டர் இல்லாத நிலையான கட்டணம் 70 டாலர். சுங்கமும் கூடுதல் கட்டணங்களும் அன்பளிப்பும் அதற்கு மேலே.

தெற்கிலிருந்து வரும் டாக்ஸி மேடிசனிலோ பார்க் அவென்யூவிலோ மேலேறி, மேற்கு நோக்கிய ஏதாவது தெருவில் திரும்பி, ஃபிப்த் அவென்யூவில் இறங்கி வர வேண்டும். அந்தக் கடைசி வளைவில் சிக்னல் சிக்னலாக மீட்டர் ஓடும். மேடிசன்-82-லேயே இறங்கிக்கொண்டு ஒரு பிளாக் நடப்பவர்கள் பெரும்பாலும் முன்னதாகவே படிக்கட்டில் இருப்பார்கள்.

சொந்தக் காரில்?

கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கென்றே கார் நிறுத்துமிடம் இருக்கிறது, நுழைவு ஃபிப்த் அவென்யூவில் 80-வது தெருவில். ஃபிப்த் தெற்கு நோக்கிய ஒருவழி என்பதால் வடக்கிலிருந்து இறங்கி வந்து வலது பக்கம் நுழைய வேண்டும். நுழைவைத் தவறவிட்டால் அடுத்தது 79-வது தெரு. அங்கே வலது பக்கம் திரும்பினால் பூங்காவுக்கு அடியில் புகுந்து மேற்குப் பகுதியில்தான் வெளியே வருவீர்கள். இடது பக்கம் திரும்புங்கள், மேடிசனில் ஏறி மறுபடி சுற்றி வாருங்கள்.

2025 ஜனவரி 5 முதல் 60-வது தெருவிலும் அதற்குத் தெற்கிலும் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் உண்டு. ஈசி-பாஸ் (காரில் பொருத்தும் மின்னணுச் சுங்கக் கருவி) இருந்தால் 9 டாலர், வாரநாளில் காலை 5 முதல் இரவு 9 வரை, வாரயிறுதியில் காலை 9 முதல் இரவு 9 வரை. அருங்காட்சியகம் 82-ல் இருக்கிறது, அந்த எல்லைக்கு வெளியே. ஆகவே வடக்கிலிருந்து வந்து வடக்கிலேயே திரும்பினால் இந்தக் கட்டணமே இல்லை. நியூ ஜெர்சியிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வழியாக வந்து, ஹார்லெம் ரிவர் டிரைவ், எஃப்.டி.ஆர். டிரைவ் பிடித்து 96-வது தெருவில் இறங்குவது அந்த வழி. லிங்கன், ஹாலந்து சுரங்கங்கள் வழியாக வந்தால் கட்டண எல்லைக்குள்தான் வெளியே வருவீர்கள். சுரங்கச் சுங்கம் கட்டியதற்கு ஒரு சிறு கழிவு தருகிறார்கள், அவ்வளவே.

தெருவோரம் இடம் தேடுவதாக இருந்தால், தீயணைப்புக் குழாயிலிருந்து இரண்டு பக்கமும் 15 அடி காலியாக இருக்க வேண்டும். தரையில் கோடு எதுவும் போட்டிருக்காது. அபராதச் சீட்டில்தான் தெரியும்.

சைக்கிளில்?

சென்ட்ரல் பார்க்கின் உள்வட்டச் சாலையில் 2018-லிருந்து கார் கிடையாது. சைக்கிளுக்கு ஏற்ற இடம், ஆனால் ஒரே திசைதான்: கிழக்குப் பக்கம் வடக்கு நோக்கி, மேற்குப் பக்கம் தெற்கு நோக்கி. 59-வது தெருவிலிருந்து கிழக்குச் சாலையில் ஏறினால் அருங்காட்சியகத்தின் முதுகை உரசிக்கொண்டு போகும். அங்கே நிறுத்தி, குறுக்கே நடைபாதையில் ஓட்டக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அல்லது 90-வது தெரு வாசல் வரை போய், ஃபிப்த் அவென்யூவில் தெற்கே இறங்கி வாருங்கள்.

சிட்டி பைக் வாடகைச் சைக்கிள் என்றால், கிளம்பும் முன் செயலியில் 78 முதல் 86 வரையுள்ள நிலையங்களில் காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் நிரம்பிவிடும், இடம் தேடும் நேரத்துக்கும் காசு ஓடும்.

சக்கர நாற்காலியோடு வர எது நல்லது?

பஸ். நகரப் பஸ்கள் எல்லாவற்றிலும் சாய்தளம் உண்டு, ஓட்டுநரே இறக்கித் தருவார். ரயில்தான் வேண்டும் என்றால் கியூ ரயிலின் 86-வது தெரு ஸ்டேஷன். லிஃப்டில் மேலே வந்து, மேற்கு நோக்கிப் போகும் எம்86-ல் ஏறி ஃபிப்த் அவென்யூ அருகே இறங்கலாம். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று சப்வேயையும் பஸ்ஸையும் நடத்தும் எம்.டி.ஏ. நிறுவனத்தின் செயலியில் கிளம்பும் முன் பாருங்கள். அன்று மட்டும் ஒன்று பழுதாகிக் கிடக்கும்.

82-வது தெரு முகப்பு முழுக்கப் படிக்கட்டு. 81-வது தெருவில் தரைமட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது, அதற்கு வாருங்கள். குழந்தைத் தள்ளுவண்டி வைத்திருப்பவர்களுக்கும் அதுவே. தள்ளுவண்டியை விரித்தபடி நிறுத்தச் சில பஸ்களில் குறியிட்ட இடம் உண்டு. இல்லாத பஸ்ஸில் மடித்துத்தான் ஏற வேண்டும்.

படகில் வர முடியுமா?

ஈஸ்ட் 90-வது தெருவில் என்.ஒய்.சி. ஃபெர்ரியின் துறை இருக்கிறது. அது தீவின் கிழக்கு விளிம்பு, அங்கிருந்து ஃபிப்த் அவென்யூ வரை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். படகுச் சீட்டு சப்வேயோடு சேராது. வேடிக்கைக்குச் சரி.

ஒரே நாளில் க்ளாய்ஸ்டர்ஸையும் பார்க்கலாமா?

வெளியூர்க்காரர்களுக்குப் பெரியவர் சீட்டு 30 டாலர், அதே நாளில் இரண்டு இடத்துக்கும் செல்லும். எம்4 பஸ் இரண்டையும் நேராக இணைக்கிறது: மேடிசன்-83-ல் ஏறினால் கடைசி நிறுத்தம் ஃபோர்ட் டிரையன் பார்க், க்ளாய்ஸ்டர்ஸ். நெற்றிப்பலகையில் க்ளாய்ஸ்டர்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

விரைவு வேண்டுமென்றால் எம்79-ல் மேற்கே போய், சி ரயிலில் 125-வது தெரு, அங்கே ஏ-க்கு மாறி 190-வது தெரு. அந்த ஸ்டேஷனில் படி ஏறாமல் லிஃப்டில் மேலே ஃபோர்ட் வாஷிங்டன் அவென்யூவுக்கு வந்துவிடுங்கள், பூங்காவுக்குள் 10 நிமிட நடை. முதலில் க்ளாய்ஸ்டர்ஸ், பிறகு ஃபிப்த் அவென்யூ என்று வைத்துக்கொள்வது நல்லது, அதுவும் வெள்ளி அல்லது சனியில். க்ளாய்ஸ்டர்ஸ் மாலை 5-க்கே மூடிவிடும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை 4.30-க்கு. ஃபிப்த் அவென்யூவில் அந்த இரு நாளும் இரவு 9 வரை நேரம் இருக்கிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்காக வருபவர்கள் ஃபிப்த் அவென்யூவுக்குத்தான் வர வேண்டும். ஆசியக் கலைப் பிரிவு இரண்டாம் தளத்தில் இருக்கிறது.

எந்த நாள்களில் வழி அடைபடும்?

ஃபிப்த் அவென்யூ ஊர்வலங்களின் தெரு. மார்ச் 17 புனித பேட்ரிக் ஊர்வலம், ஜூன் இரண்டாம் ஞாயிறு போர்ட்டோ ரிக்கோ ஊர்வலம் இரண்டும் தெற்கிலிருந்து 79-வது தெரு வரை வரும். அன்று எம்1 முதல் எம்4 வரை தடம் மாறும், ஃபிப்த் அவென்யூவைக் குறுக்கே கடப்பதே பெரும்பாடு. சப்வேயில் கிழக்குப் பக்கமாக வந்துவிடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு மராத்தான்: ஓட்டக்காரர்கள் ஃபிப்த் அவென்யூவில் இறங்கி வந்து 90-வது தெருவில் பூங்காவுக்குள் நுழைவார்கள். குறுக்குப் பஸ்களை அன்று நம்ப வேண்டாம், மேற்கிலிருந்து பூங்கா வழியாக நடக்கும் திட்டமும் வேண்டாம்.

வாரயிறுதிகளில் சப்வே தடங்களில் பராமரிப்பு நடக்கும். எக்ஸ்பிரஸ் லோக்கலாக ஓடும், சில நிறுத்தம் விட்டுப்போகும். பிளாட்பாரத் தூண்களில் ஒட்டிய அறிவிப்புத் தாளைப் படியுங்கள்.

திரும்பும்போது?

தெற்கே மிட்டவுனுக்குப் போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபம் இல்லை. படிக்கட்டு இறங்கியதும் எதிரிலேயே எம்1 முதல் எம்4 வரை எந்த பஸ்ஸானாலும் சரி, ஃபிப்த் அவென்யூ வழியாகத் தெற்கேதான் போகும். எம்4 மட்டும் 32-வது தெருவோடு நின்றுவிடும், அதற்கும் கீழே போக வேண்டியவர்கள் மற்ற மூன்றில் ஏறுங்கள். மாலை 5 மணிக்கு எல்லாரும் ஒரே சமயத்தில் வெளியே வருவார்கள், அதே நேரத்தில்தான் டாக்ஸி ஓட்டுநர்கள் முறை மாறுவதும். விளக்கு அணைந்த டாக்ஸிகளாகவே போய்க்கொண்டிருக்கும். 4.30-க்கே வெளியே வந்துவிடுங்கள், அல்லது லெக்சிங்டனுக்கு நடந்துவிடுங்கள். மேற்கே போகிறவர்கள் வெள்ளி, சனி இரவு 9 மணிக்குப் பூங்கா வழியாக நடக்காமல் 79-வது தெருவில் எம்79 பிடியுங்கள்.